பயப்படுகிறவருக்கான நாற்காலி

உங்கள் பயிற்சி வகுப்பின் கடைசி நாளில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். பேச்சு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, “சார், சப்-ஸ்டேஷன் ஆபரேட்டர் வேலைக்கு முக்கியமா என்ன குணம் வேணும்?” என்று கேட்டார். “பயம்” என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டீர்கள். அதற்குள் டீ வந்துவிட்டது. பேச்சு அங்கேயே நின்றது. அதை முடித்துவைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை நாட்குறிப்பு எழுதியிருக்கிறேன். கிழமை, நேரம், மழை பெய்ததா, எந்த லைன் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்குத் திரும்பியது, யார் போன் செய்தார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். அதை எடுத்துவைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் நேரத்தை மட்டும் சொல்வேன், தேதியைச் சொல்ல மாட்டேன். இதில் வருகிற சிலர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். தாம்பரத்துக்குத் தென்கிழக்கே எந்த நிலையம் என்பதையும் அதே காரணத்துக்காக விட்டுவிடுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் முதலில் நாற்காலியில் உட்காரும் ஆள் இல்லை. போஸ்ட், அதாவது மின்கம்பம், ஏறுகிறவனாகத்தான் சேர்ந்தேன். சேலையூர்ப் பக்கம் ஒரு வெயில் நாளில் மேலே ஏறினேன். லைனில் மின்சாரம் இல்லை என்று கீழேயே பார்த்தாகிவிட்டது. மேலே போய் நானும் பார்த்தேன். திரும்பப் பார்த்தேன். நான்காவது முறை பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளங்கை வியர்த்து, கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது. கீழே நின்ற ஆளின் காதை ஒட்டிப் போய் மண்ணில் குத்தி நின்றது. அவர் ஸ்பேனரையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று எனக்கு ஒன்று தெரிந்தது. என் பயம் மேலே என்னைக் காப்பாற்றவில்லை. கீழே இருக்கிறவரைக் கொல்லப் பார்த்தது.

அப்போதைய பொறியாளர் என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். “எத்தனை தடவை செக் பண்ண?” என்றார்.

“நாலு சார்.”

“போஸ்ட் மேல நாலு தடவை செக் பண்றவன் எனக்கு வேணாம். சுவிட்ச் பக்கத்துல உக்காந்து நாலு தடவை செக் பண்றவன்தான் இப்ப எனக்குக் கிடைக்கல.”

அடுத்த மாதமே கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றிவிட்டார். என்னிடமிருந்த ஒரு குறையை ஒருவர் எடுத்து, அது பொருந்துகிற இடத்தில் கொண்டுபோய் வைத்தார். குணம் மாறவில்லை, உட்காரும் இடம்தான் மாறியது. வேலைத் திருப்தி என்று நீங்கள் வகுப்பில் பேசினீர்களே, எனக்குத் தெரிந்த திருப்தி இதுதான். இதையும் சுகமான விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நாற்காலியில் ஒரு நாள்கூட நான் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை.

எல்.சி. என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டில் இதைப் படிக்கக்கூடியவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு லைனில் ஆட்கள் ஏறி வேலை செய்ய வேண்டுமானால், அந்தக் குழுவின் தலைவர் நிலையத்தைக் கேட்பார். ஆபரேட்டர் அந்த லைனை நிறுத்தி, அதன் சுவிட்ச் கைப்பிடியில் ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ என்ற பலகையை மாட்டிவிட்டு அனுமதி கொடுப்பார். அதுதான் லைன் கிளியர், எல்.சி. வேலை முடிந்து, எல்லோரும் இறங்கிய பிறகு, வாங்கிய அதே ஆள் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் கைப்பிடியைத் திருப்பலாம். பல நாட்களில் திருப்பிக் கொடுப்பது போனில்தான் நடக்கும். ஆகவே, ஒரு மனிதர் உயிரோடு வீட்டுக்குப் போவது இன்னொரு மனிதர் போனில் சொல்லும் ஒரு வார்த்தையில் இருக்கிறது.

அறைக்கு வந்த சில ஆண்டுகளில் நான் ஒரு தவறு செய்தேன். அப்போது களத்தில் செல்வம் என்று ஒருவர் இருந்தார். எங்கள் வட்டாரத்தில் அவரைப் போல் போஸ்ட் ஏறுகிறவர் கிடையாது. பேசிக்கொண்டே ஏறுவார், பேசிக்கொண்டே வேலை செய்வார். அன்று அவர் போன் செய்து, “சார், முடிஞ்சுது. போடுங்க” என்றார். சாதாரணமாக நான் இரண்டு கேள்வி கேட்பேன், பதிவேட்டைப் பார்ப்பேன், பலகையைக் கழற்றி இன்னொரு முறை யோசிப்பேன். அன்று மேலதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மந்தமான ஆள் என்று அவர் நினைக்கக் கூடாது என்பதற்காக உடனே போட்டேன்.

அரை மணி நேரம் கழித்து செல்வம் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

“இன்னா சார், இன்னிக்கு இவ்ளோ ஸ்பீடு? நான் பாதி போஸ்ட்டுலதான் கீறேன். தலைக்கு மேல ரெண்டு முழத்துல ‘ஙொய்’னு சத்தம்.”

“முடிஞ்சுதுன்னு சொன்னியே?”

“வேலை முடிஞ்சுது சார். எறங்கிக்கினே போன் பண்ணேன். நீங்க எப்பவும் லேட்டாத்தான் போடுவீங்க. அதுக்குள்ள கீழ வந்துர்லாம்னு ஒரு கணக்கு.”

அவர் சிரித்தார். என் தாமதத்தை நம்பி அவர் முன்கூட்டியே பேசியிருக்கிறார். அவர் பேச்சை நம்பி நான் முன்கூட்டியே போட்டிருக்கிறேன். இரண்டு பேரும் இல்லாத ஒரு நேரத்தை அடுத்தவரிடம் இருப்பதாக எண்ணியிருக்கிறோம். அன்றைய நாட்குறிப்பில் ஒரே வரிதான் இருக்கிறது: ‘இரண்டு முழம்.’

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். குழுத்தலைவர் சொன்னால் மட்டும் போதாது. குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும் தரையில் நின்றபடி போனில் தங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். எந்த விதிப்புத்தகத்திலும் இது கிடையாது. வட்டாரம் முழுவதும் எனக்கு ‘அட்டென்டன்ஸ் சார்’ என்று பெயர் வந்தது. சிலர் “உள்ளேன் ஐயா” என்பார்கள். ஒருவர் பள்ளிக்கூடப் பையன் குரலில் “லீவ் லெட்டர் கொண்டாந்திருக்கேன் சார்” என்பார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சிரிக்கிறவர் உயிரோடு இருக்கிறார் என்பது எனக்கு அந்த நிமிடத்துக்குப் போதுமாக இருந்தது.

பல ஆண்டுகள் கழித்து செல்வத்துக்குப் பைக்கிலிருந்து விழுந்து முழங்கால் உடைந்தது. இனி ஏற முடியாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்துவிட, அவரை என் அறையில் கொண்டுவந்து போட்டார்கள். களத்தின் மிகச் சிறந்த ஆள் என்பதால் அறைக்கும் சிறந்த ஆளாக இருப்பார் என்று நினைத்தார்கள். நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார மாட்டார். வாசலுக்குப் போவார், வெளியே மின்மாற்றிகள் நிற்கும் யார்டைப் பார்ப்பார், திரும்ப வருவார். “இது இன்னா சார் வேலை? ஜெயில் மாதிரி கீது. கைதியும் நாமதான், வார்டனும் நாமதான்” என்பார். எல்.சி. திரும்பி வந்ததும் அவர் கை முதலில் கைப்பிடிக்குப் போகும். கேள்வி பிறகுதான் வரும். இரண்டு முறை நான் அவர் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறேன். கெட்ட ஆள் இல்லை. பயம் என்றால் என்னவென்று தெரியாத ஆள். அந்த அறையில் அவருடன் ஷிஃப்ட் பார்க்கும் நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்காது.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

வடகிழக்குப் பருவமழை, விடாமல் பெய்யும் மூன்றாவது நாள். மாடம்பாக்கம் பக்கம் போகும் லைன் காலையிலேயே நின்றுவிட்டது. ஏரிக்கரையை ஒட்டிய சாலையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்திருந்தது. ஒன்று நாற்பதுக்கு, துரை என்கிற குழுத்தலைவர் என்னிடம் எல்.சி. வாங்கினார். அவரோடு மூன்று பேர்.

இரண்டரைக்கு ஓர் அம்மா குடையோடு நிலையத்துக்கு வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், பள்ளி ஆசிரியை. இடுப்புவரை புடவை நனைந்திருந்தது. அலுவலகத்தில் யாரும் போன் எடுக்கவில்லை என்பதால் தண்ணீரில் நடந்தே வந்துவிட்டார்.

“சார், என் வீட்டுக்காரருக்கு நுரையீரல் பிரச்சனை. ஆக்சிஜன் மெஷின்லதான் மூச்சு. காலைலேர்ந்து இன்வெர்ட்டர்ல ஓடுச்சு, அதுவும் போயிடுச்சு. ஒரு சின்ன சிலிண்டர் இருக்கு, அதுவும் முடியப் போகுது. எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. ஆம்புலன்ஸ் வர முடியாதுன்னுட்டாங்க.”

லைனில் ஆட்கள் வேலை செய்கிறார்கள், முடிந்ததும் போட்டுவிடுவேன் என்றேன். வெளியாட்களை உள்ளே விடக் கூடாது. மழையில் அவரை எங்கே நிற்கவைப்பது? அறை வாசலில் கிடந்த பெஞ்சில் உட்காரச் சொன்னேன். கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டில் கணவரோடு இருந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பேசினார்.

மூன்று ஐந்துக்கு துரை கூப்பிட்டார். வழக்கம்போல் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

“சார், வேலை முடிஞ்சுது. எல்.சி. ரிட்டர்ன் எடுத்துக்கங்க.”

“எல்லாரும் கீழயா?”

“கீழதான் சார். இருங்க, உங்க அட்டென்டன்ஸ குடுக்குறேன். துரை.”

“குமார் சார்.”

“ஏழுமலை.”

“பாபு, உள்ளேன் ஐயா. சீக்கிரம் போடுங்க ஐயா, குளுருது.”

நான்கு பெயர், நான்கு குரல், நான்கும் எனக்குத் தெரிந்த குரல்கள். பதிவேட்டில் நேரத்தை எழுதினேன். கைப்பிடியிலிருந்து பலகையைக் கழற்றினேன். வாசலில் அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். வழக்கமாகக் கடைசியில் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்.

“வேற யாரும் லைன்ல இல்லையே?”

“நம்ம ஆளுங்க அவ்ளோதான் சார்.”

இந்தப் பதிலை நூறு முறை கேட்டிருப்பேன். அன்று ஏன் அது என்னைப் பிடித்து நிறுத்தியது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மழை மூன்று நாளாகப் பெய்கிறது, எல்லாப் பக்கமும் மரம் விழுந்துகொண்டிருக்கிறது, கிடைத்த ஆளையெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பது மனதில் ஓடியிருக்கலாம்.

“நம்ம ஆளு இல்லாதவங்க?” என்றேன்.

துரை கொஞ்சம் தயங்கினார். “அது எனக்கு எப்படி சார் தெரியும்? கான்ட்ராக்ட் ஆளுங்கள ஆபீஸ்ல நேரா அனுப்பிச்சா எங்கிட்ட சொல்லவா போறாங்க? என் எல்.சி.ல யாரும் இல்ல. நான் சுத்தமா திருப்பிக் குடுத்துட்டேன்.”

அவர் சொன்னது சரி. விதிப்படி எல்லாம் முடிந்துவிட்டது. யாராவது அந்த லைனில் ஏற வேண்டுமானால் என்னிடம் தனியாக எல்.சி. வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. ஆகவே யாரும் இல்லை. காகிதத்தில் யாரும் இல்லை.

“துரை, கடைசி போஸ்ட் வரைக்கும் ஒருதரம் போய்ப் பாக்க முடியுமா?”

“சார், நாங்க ரோட்டு முனைக்கு வந்துட்டோம். அங்க திரும்பிப் போவணும்னா கரை மேல ஒரு கிலோமீட்டர். அடுத்த மரம் ராஜகீழ்ப்பாக்கத்துல கெடக்கு. அங்க ஜனங்க ரோட்ட மறிச்சுக்கினு நிக்கிறாங்க.” போனை வைத்துவிட்டார்.

பிரிவு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் மழையில் வெளியே இருந்தார்கள்.

அன்று என்னோடு ஷிஃப்ட் பார்த்த செல்வம் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். “சார், இன்னா யோசனை? துரை சொன்னா சொன்னதுதான். போடுங்க.”

“ஒரு நிமிஷம்.”

“அந்தம்மா மொகத்தப் பாருங்க சார்.”

பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அவர் வாசலைத் தாண்டி அறைக்குள் ஓர் அடி வைத்திருந்தார். “ஆளுங்க இறங்கிட்டாங்கன்னு சொன்னாங்களே சார், நானே கேட்டேனே. அப்புறம் எதுக்கு நிக்கிறீங்க?”

“வேற யாராவது இருக்கலாம்னு ஒரு பயம்மா.”

“இருக்காங்களா?”

“தெரியல.”

“என் வீட்டுக்காரர் இருக்காரு சார். அது எனக்குத் தெரியும்.” குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் புரியாத பிள்ளைக்கு எடுத்துச் சொல்வதுபோலத்தான் சொன்னார். “சிலிண்டர் முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சாம். கால் மணி நேரம் வந்தா அதிகம்ங்கிறாங்க.”

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். என் முன்னால் நின்றவருக்கு முகம் இருந்தது, பெயர் இருந்தது, அவர் கணவருக்கு ஒரு கெடு இருந்தது. நான் யாருக்காகப் பயந்தேனோ அந்த ஆளுக்கு முகம் இல்லை. அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதே தெரியாது. இல்லாத ஒருவருக்காக, இருக்கும் ஒருவரை நான் கொன்றுகொண்டிருக்கலாம். கப்பல் மாலுமிகளும் அறுவை மருத்துவர்களும் எழுதிய நினைவுக் குறிப்புகளைத் தேடித் தேடிப் படித்தவன் நான். நெருக்கடியில் மனம் தெளிவாகிவிடும் என்று அவர்களில் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெளியவில்லை. எதிரே சுவிட்ச் பேனலில் பச்சை விளக்கு எரிந்தது. எங்கள் அறையில் பச்சை என்றால் லைன் நின்றிருக்கிறது, சிவப்பு என்றால் ஓடுகிறது. அந்தப் பச்சையை நான் அவ்வளவு வெறுத்ததில்லை. அது மாறிவிடுமோ என்று அவ்வளவு பயந்ததும் இல்லை.

மூன்று பன்னிரண்டுக்குப் பொறியாளர் கூப்பிட்டார். நான் வேலையில் சேர்ந்த காலத்தவர் இல்லை, புதியவர், நல்லவர்தான்.

“எல்.சி. ரிட்டர்ன் ஆயிடுச்சாமே. ஏன் சார் இன்னும் போடல?”

“ஒரு சந்தேகம் சார். லைன்ல யாராவது இருக்கலாம்னு.”

“யாரு?”

“தெரியல சார். ஆபீஸ்லேர்ந்து கான்ட்ராக்ட் ஆளு யாராவது...”

“எனக்கு அப்படித் தகவல் இல்ல. தெரியாததுக்கெல்லாம் லைனை நிறுத்திவெச்சா எப்படி சார்? உங்க பொறுப்புல பாத்துக்கங்க.”

போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. இரண்டில் எது தப்பானாலும் என் தலையில்தான். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அந்த நாற்காலி அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது.

செல்வம் அதற்குள் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

“எங்க கிளம்பிட்ட?”

“நீங்க போட மாட்டீங்க. எனக்கு உக்கார முடியாது. நான் போய்ப் பாத்துட்டு வரேன்.”

“அங்க தண்ணி நிக்குது செல்வம். முட்டிய வெச்சுக்கிட்டு...”

“முட்டி என்னுது சார். நீங்க கைப்பிடியப் பாத்துக்கங்க.”

பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் மட்டும் அப்படிக் கிளம்பிப் போயிருக்காவிட்டால் நான் எவ்வளவு நேரம் தாக்குப் பிடித்திருப்பேன் என்று தெரியாது. ஐந்து நிமிடமாக இருக்கலாம். பயம் ஒருவனை நிறுத்திவைக்கும். எழுந்து போய்ப் பார்க்க வைக்காது. போய்ப் பார்ப்பதற்கு வேறொரு குணம் வேண்டும். அது அந்த அறையில் செல்வத்திடம் மட்டும்தான் இருந்தது.

அடுத்த பத்து நிமிடங்களை நாட்குறிப்பில் நான் எழுதவே இல்லை. அந்த அம்மா பெஞ்சுக்குத் திரும்பவில்லை. சுவரில் சாய்ந்து நின்று போனில் முணுமுணுத்தார். “நெஞ்சைத் தடவிக் குடுங்க. உக்கார வெச்சே வெச்சிருங்க, படுக்க விடாதீங்க.” பிறகு என்னிடம், “உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா சார்?” என்றார். இருக்கிறார்கள் என்றேன். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஏதாவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று இருபத்தாறுக்கு என் போன் அடித்தது. மழைச் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம்.

“சார்.”

“சொல்லு.”

“போட்றாதீங்க.”

செல்வத்தின் குரல் நடுங்கி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“கடைசி போஸ்ட்டுக்கு முந்தின போஸ்ட்டுல ஒர்த்தன் கீறான் சார். கிளைய வெட்டிக்கினு கீறான். ஒரு கையால ஒயரப் புடிச்சுக்கினு. கத்துறேன், மழையில கேக்கல அவனுக்கு. இருங்க, எறக்குறேன்.”

நான் பலகையைத் தேடினேன். மேசை மேல்தான் இருந்தது. அதை எடுத்துத் திரும்பவும் கைப்பிடியில் மாட்டினேன். மாட்டுவதற்கு மூன்று முறை முயல வேண்டியிருந்தது. கொக்கி துளையில் நிற்கவில்லை.

இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு குரல் வந்தது. இளம் குரல்.

“ஹலோ. இவுரு உங்கிட்ட பேசச் சொல்றாரு.”

“யாருப்பா நீ?”

“தேசிங்கு. கான்ட்ராக்ட்டு. கோவளம் பக்கம் சார். கடல்ல போவ முடியல, அதான் மழ வேலைக்கு வந்தேன்.”

“உன்னை யாரு ஏறச் சொன்னது?”

“மேஸ்திரி. கரண்டு காலைலேர்ந்து ஆஃப்ல கீது, போய் வெட்டிட்டு வான்னாரு.”

“துரைன்னு ஒருத்தரைத் தெரியுமா?”

“யாரு சார் அது?”

ஒரே லைன், ஒரே மழை. ஒரு கிலோமீட்டருக்குள் இரண்டு பக்கமும் வேலை நடந்திருக்கிறது. துரை தன் ஆட்களை ஒழுங்காக எண்ணினார். நான் துரையின் ஆட்களை ஒழுங்காக எண்ணினேன். தேசிங்கு யாருடைய எண்ணிக்கையிலும் இல்லை. பயந்து பயந்து பல ஆண்டுகள் நான் பழக்கிவைத்த அந்த ‘அட்டென்டன்ஸ்’ கூட, பட்டியலில் இருக்கிறவர்களை மட்டும்தான் கேட்டிருக்கிறது. ஒருவர் விடுபட்டிருக்கிறார் என்றால் இன்னொருவர் ஏன் விடுபட்டிருக்கக் கூடாது என்ற நினைப்பு உடனே வந்தது. இதை யாரிடம் கேட்பது? பட்டியலில் இல்லாதவரைப் பற்றிப் பட்டியலில் இல்லாதவருக்குத்தான் தெரியும்.

“தேசிங்கு, உன்ன மாதிரி அங்க வேற யாரு வேலை செய்யுறாங்க?”

“மச்சான் கீறான் சார். கயிறு புடிச்சுக்கினு. பள்ளத்துல நிக்கிறான்.”

“அவன்கிட்ட போன குடு.”

மழைச் சத்தத்துக்கு நடுவில் ஒரு தயங்கிய குரல். “சார்.”

“பேரு சொல்லுப்பா.”

“எதுக்கு சார் பேரு? நாங்க இன்னா தப்பு பண்ணோம்?”

“தப்பு ஒண்ணும் இல்ல. நீ கீழதான் நிக்கிறேன்னு எனக்குத் தெரியணும். அதுக்குத்தான்.”

“கீழதான் கீறேன். வேலு.”

அப்புறம் செல்வம் போனை வாங்கினார். “சார், வேற யாரும் இல்ல. ரோட்டு முனையிலேர்ந்து கடைசி போஸ்ட் வரைக்கும் ஒவ்வொண்ணா அண்ணாந்து பாத்துட்டு வந்தேன். நான் சொல்றேன். போடுங்க.”

இந்த இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பயத்துக்குத் தானாக நிற்கத் தெரியாது. ஏழாவது ஆள் இருந்தால்? எட்டாவது? அப்படியே போய்க்கொண்டிருந்தால் மாடம்பாக்கத்தில் ஒரு மனிதருக்கு மூச்சு நின்றுபோகும். கைப்பிடியைத் திருப்பவே முடியாதவரும் அந்த நாற்காலிக்குப் பொருந்தாதவர்தான். செல்வம் ‘நான் சொல்றேன்’ என்று அதற்கு முன் நூறு முறை சொல்லியிருப்பார், நான் நம்பியதில்லை. அன்று அவர் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார். நம்பினேன்.

பலகையைக் கழற்றினேன். மூன்று முப்பத்தொன்றுக்குத் திருப்பினேன். பச்சை அணைந்தது, சிவப்பு வந்தது. மின்னோட்டம் காட்டும் முள் ஏறியது. லைனில் ஏதாவது தப்பு இருந்தால் அடுத்த நொடியில் தடாரென்று விழுந்துவிடும். அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழவில்லை. வாசலில் போன் அடித்தது. “வந்துடுச்சா? மெஷின் ஓடுதா? மூச்சு எப்படி இருக்கு?” என்று அந்த அம்மா கேட்டார். பிறகு என்னிடம், “ஓடுதாம் சார். மூச்சு வருதாம்” என்றார்.

பதிவேட்டில் ஒருவர் கையெழுத்துக்குத்தான் இடம் இருக்கும். ஓரத்தில் ஆறு பெயரையும் எழுதினேன். அந்த வாரமே, எல்.சி. திரும்பிய பிறகு இருபத்தாறு நிமிடம் ஏன் தாமதம் என்று விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. பதில் எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. செல்வம் அடுத்த மழைக்கு முன்பே அறையை விட்டுப் போய்விட்டார். அவரே எழுதிக் கேட்டார். ஏற வேண்டாம், லைன் நெடுகப் போய்ப் பார்த்து, யார் எங்கே இருக்கிறார்கள் என்று நிலையத்துக்குச் சொல்லும் வேலை. முழங்காலை இழுத்துக்கொண்டு கரைமேல் நடக்கும் அந்த ஆளை அதற்குப் பிறகு எத்தனையோ முறை போனில் கேட்டிருக்கிறேன். ஜெயில் என்ற சொல் அவர் வாயில் திரும்ப வரவில்லை. உங்களில் செல்வம் யார், நான் யார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தால் வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள். தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கும் நல்ல ஆளைவிட எனக்கு அதிக பயம் கொடுத்தது வேறு ஒன்றும் இல்லை.

அன்று மாலையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும்.

அந்த அம்மா போனை வைத்துவிட்டுக் குடையை எடுத்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

“உண்மையிலேயே யாராவது இருந்தாங்களா சார்?”

“ரெண்டு பேரு. ஒருத்தர் மேல, ஒருத்தர் கீழ.”

“மேலன்னா?”

“ஒயரைப் பிடிச்சுக்கிட்டு.”

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் கணவர் காத்திருக்கிறார், விளக்கு வந்துவிட்டது, மழைகூடக் கொஞ்சம் விட்டிருந்தது. ஆனால் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. “நான் சொன்னப்பவே நீங்க போட்டிருந்தா,” என்றார். முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கவில்லை.

ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கை நீட்டினார். நடுவில் அது தளும்பி இரண்டு பேர் விரல்மேலும் வழிந்தது. யார் கை நடுங்கியதால் வழிந்தது என்று எனக்குத் தெரியவில்லை.